ராஜ்பூர் சாலையில் ஒரு வாயில்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை வந்துவிட்டால் வடக்கு நோக்கிய பிரயாணம் ஒன்று நிச்சயம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருப்பார்கள். அவர்களுக்காக ஹரித்துவாரத்தில் கங்கை ஸ்நானம். குழந்தைகளின் பிடிவாதத்துக்காக மசூரி மலையில் இரண்டு நாள். மசூரிக்குப் போகிற வண்டி டேராடூன் நகரைக் கடந்து, ராஜ்பூர் சாலை என்னும் நீண்ட சாலையில் மெல்ல ஏறத் தொடங்குகிறது. எல்லாருடைய கண்ணும் எதிரே தோன்றும் மலையின்மீதே இருக்கும்.

அச்சாலையின் ஓரத்தில் ஒரு வாயில் உண்டு. நான் மூன்று முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, மலை ஏறுவதற்குள் மறந்தும் போயிருக்கிறேன். நான்காம் முறை, 1996-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மசூரிக்குப் போகாமல் அந்த வாயிலிலேயே இறங்கினேன். என்னுடன் என் தமக்கையும் அவளுடைய மகனும் இறங்கினார்கள். பார்வையிழந்தோர்க்குப் பயிற்சி தரும் இடம் அது. அங்கே நாங்கள் கண்டதை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிய வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும். என் தமக்கை தாய்மாமனையே மணந்தவள். அவர் காலமான பிறகு மகனை அழைத்துக்கொண்டு கரோல்பாகில் இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பையன் பன்னிரண்டு வயதிலேயே மாலை மங்கினால் தடுமாறுவான். "மாலைக்கண்தான்; கீரை கொடுத்தால் சரியாகிவிடும்" என்று பொன்னாங்கண்ணியும் மீன் எண்ணெயும் கொடுத்துவந்தோம். நாளாக ஆகப் பக்கங்களில் உள்ளவை அவனுக்குத் தெரியாமல் போயின. குழாய் வழியே பார்ப்பதுபோல் நேர் எதிரே உள்ள சிறு வட்டம் மட்டும் எஞ்சியது. பிறகு அந்த வட்டமும் மங்கிற்று.

டாக்டர்கள் அந்நோயின் பெயரைச் சொன்னார்கள்: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் சிறுகச் சிறுக அழியும் நோய் அது, பரம்பரையாக வருவது. நெருங்கிய உறவில் மணம் புரிந்தவர்களின் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படுவது என்றும் சொன்னார்கள். அன்றிரவு என் தமக்கை உண்ணவில்லை. தன் திருமணமே மகனின் கண்ணைப் பறித்ததாக அவள் மனத்தில் ஒரு முள் தைத்துவிட்டது. இருபத்திரண்டாம் வயதில் அவன் கல்லூரிப் படிப்பை நிறுத்தினான்.

அன்று முதல் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி ஏற்பட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் ஓடிப்போய்க் கொடுப்போம். சோற்றைப் பிசைந்து, உருட்டிக் கையில் வைப்பாள் அவன் தாய். அவன் எழுந்தால் நாலு பேர் கையைப் பிடிப்போம். வந்த விருந்தினர் அவன் முன்னிலையிலேயே என் தமக்கையைப் பார்த்து, "பிள்ளை காப்பி சாப்பிட்டானா?" என்று கேட்பார்கள். அவளும், "சாப்பிட்டான்" என்பாள். ஒருநாள் அவன் என்னிடம் சொன்னான்: "மாமா, எனக்குக் கண்தானே போயிற்று? வாயும் போய்விட்டது என்று இவர்களிடம் யார் சொன்னார்கள்?"

எனக்கு விடை தோன்றவில்லை. அந்த வாரமே டேராடூனைப் பற்றி விசாரித்தேன். தமிழ்நாட்டில் பூந்தமல்லியிலும் அந்நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருந்தது. பாளையங்கோட்டையிலோ ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பணி வளர்ந்து, பெரிய பள்ளியாக நிலைபெற்றிருந்தது. ஆனால் இவன் தில்லியில் பிறந்து வளர்ந்தவன். இந்தியும் ஆங்கிலமும் படித்தவன். நாளை பிழைக்க வேண்டியதும் தில்லியிலேதான். டேராடூன் ஓர் இரவுப் பிரயாணம். என் தமக்கையோ ஒரே பிடிவாதமாக இருந்தாள். "என் பிள்ளையை ஆசிரமத்தில் சேர்க்கவா சொல்கிறாய் தம்பி? நான் உயிரோடு இருக்கிறேன்" என்றாள். "பார்த்துவிட்டு வருவோம் அக்கா. வேண்டாம் என்று நீ சொன்னால் அன்றைக்கே திரும்பிவிடுவோம்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அழைத்துப் போனேன்.

பழைய தில்லி நிலையத்தில் இரவு ஏறி, காலையில் டேராடூனில் இறங்கினோம். அந்நாளில் அது உத்தரப் பிரதேசத்தின் ஒரு மாவட்டத் தலைநகர்தான். உத்தராகண்ட் தனி மாநிலமானது 2000-ஆம் ஆண்டில். நகரின் நடுவே ஆறு பக்கம் கொண்ட மணிக்கூண்டு. அங்கிருந்து விக்ரம் என்று வழங்கும் மூன்று சக்கர வண்டியில் ராஜ்பூர் சாலையில் சென்றோம். லிச்சி மரங்கள் பூத்திருந்த காலம். வாயிலுக்குள் நுழைந்ததும், "மாமா, தேனீக்கள் இரைகின்றன, பெரிய தோட்டமா?" என்று பையன் கேட்டான். எங்கள் காதில் அதுவரை விழாத ஒலி அது.

அவ்விடத்தின் வரலாறு போரிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த இந்தியப் போர்வீரர்களுக்காக 1943-இல் இங்கே ஒரு விடுதி அமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் முதல் உலகப்போரின்போது தோன்றிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிலையத்தின் பெயரையே இதற்கும் இட்டார்கள். இதன் தலைமையை ஏற்றவர் சர் குளூதா மக்கென்சி என்னும் நியூசிலாந்துக்காரர். 1915-இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் அவரும் இரு கண்களையும் இழந்தவர். கண்ணிழந்த சிப்பாய்களுக்குக் கண்ணிழந்த ஒருவரே தலைவராக வாய்த்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். "உங்களால் முடியும்" என்று அவர் சொல்லியிருந்தால், "உமக்கென்ன தெரியும்?" என்று எந்தச் சிப்பாயும் திருப்பிக் கேட்டிருக்க முடியாதன்றோ?

நாடு விடுதலை பெற்றபின், 1950-இல் அரசாங்கம் அவ்விடத்தை ஏற்று, வயதுவந்த பார்வையற்றோர் பயிற்சி நிலையமாக்கிற்று. 1951-இல் பிரெய்ல் அச்சகம் வந்தது. 1957-இல் பெண்களுக்கும் பயிற்சிப் பிரிவு திறந்தார்கள், 1959-இல் குழந்தைகளுக்குப் பள்ளி, 1963-இல் நூலகம். 1979-இல் இவையெல்லாம் ஒரு தேசிய நிறுவனத்தின் அங்கங்களாயின. நாங்கள் சென்றபோது அது நிழல் மரங்கள் அடர்ந்த ஒரு சிற்றூர்போல் இருந்தது. விடுதிகள், பட்டறைகள், வகுப்பறைகள், சமையற்கூடம், மைதானம் எல்லாம் ஒரே மதிலுக்குள்.

எங்களை வரவேற்ற ஆசிரியர் நடுத்தர வயதினர், பார்வை அற்றவர். என் குரலைக் கேட்டதும் எனக்கு வணக்கம் சொன்னார். தமக்கையை "மாதாஜி" என்று அழைத்து அமரச் சொன்னார். பிறகு எங்களை விட்டுவிட்டு நேரே பையனிடம், "உன் பெயர் என்ன? என்ன படித்தாய்? இங்கே வர வேண்டும் என்பது உன் விருப்பமா, இவர்கள் விருப்பமா?" என்று கேட்டார். என் தமக்கை விடை சொல்ல வாயெடுத்தாள். ஆசிரியர் முகம் பையன் பக்கமே இருந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள். நெடுநாளைக்குப் பின் அவன் தன்னைப் பற்றித் தானே நாலு வாக்கியம் பேசினான்.

அன்று முழுவதும் அந்த வளாகத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தது. எங்களுக்கு வழிகாட்ட வந்தவன் பீகாரைச் சேர்ந்த இளைஞன். அவனும் பயிற்சி பெறுபவன்தான். என் தமக்கை பரிவோடு அவன் கையைப் பற்றினாள். அவன் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டு, "இப்படி இழுத்தால் நான் விழுவேன் மாதாஜி" என்றான். பிறகு அவள் முழங்கைக்குச் சற்று மேலே தன் விரல்களை மெல்ல வைத்து, அரை அடி பின்னே நின்று, "இப்போது நடங்கள்" என்றான். முன்னே செல்பவரின் உடல் திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பிடியிலேயே பின்வருபவருக்குத் தெரிந்துவிடுகின்றன. இத்தனை மாதமும் நாங்கள் பையனை முன்னே தள்ளிக்கொண்டு, அவன் அஞ்சுகிறான் என்று வருந்தினோம். அஞ்சாமல் என்ன செய்வான்?

அங்கு நடமாடுகிற ஒலியே தனி. நடைபாதையில் கோல்கள் தட்டும் ஓசை. எதிரே வருபவர் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு கடக்கும் குரல். படிகளில் ஒழுங்காக ஒரே பக்கமாக ஏறும் காலடி. கதவு என்றால் முழுவதும் திறந்திருக்க வேண்டும்; இல்லையேல் முழுவதும் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியைப் பிளந்துவிடும். ஒருவர் அறைக்குள் வந்தால் பெயர் சொல்லுவார். போகும்போதும் "போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். இல்லாவிட்டால் மற்றவர் வெறும் நாற்காலியோடு பேசிக்கொண்டிருக்க நேரும். இவையெல்லாம் பலகையில் எழுதி மாட்டிய விதிகள் அல்ல. ஒருவரையொருவர் காத்துக்கொள்ளுவதற்காகக் கூடிவாழ்பவர்கள் ஏற்படுத்திக்கொண்ட நாகரிகம்.

அங்குள்ளவர்களை முனிவர்கள் என்று நீங்கள் எண்ணிவிட வேண்டாம். நாங்கள் ஆண்கள் விடுதியின் தாழ்வாரத்தை அடைந்தபோது பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. யாரோ குளித்துவிட்டு வாளியை நடைவழியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மற்றொருவர் அதில் இடறிக் கால் விரலைப் பெயர்த்துக்கொண்டார். வைத்தவரைக் கண்டுபிடித்து, விட்ட வசவு இந்தியில் எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் கடந்துவிட்டது. "உனக்குக் கண்ணில்லையா?" என்றும் கேட்டுவிட்டார்! ஒரு கணம் அமைதி. பிறகு தாழ்வாரம் முழுவதும் சிரிப்பு. வைத்தவரும் சிரித்தார், இடறியவரும் சிரித்தார். எங்கள் பையனும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ஓராண்டு இருக்கும்.

பட்டறையில் சிலர் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னினார்கள். சிலர் தறியில் அமர்ந்திருந்தார்கள். வேறோர் அறையில் தட்டச்சுப் பொறிகளின் ஓசை மழைபோல் கேட்டது. சுருக்கெழுத்தும் அங்கே கற்பித்தார்கள். எல்லா விசைகளுக்கும் விரல்தான் வழி. தட்டச்சைத் திறம்படக் கற்றவர் எவரும் விசைகளைப் பார்ப்பதில்லை அல்லவா?

பிரெய்ல் வகுப்பில் சற்று நேரம் அமர்ந்தோம். பிரான்ஸ் நாட்டில் 1809-இல் பிறந்த லூயி பிரெய்ல், சிறுவயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவி பட்டுக் கண்ணிழந்தவர். அவர் வகுத்த முறையில் எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு வரிசையாக அமைந்த ஆறு புள்ளிகளுக்குள் அடங்குகிறது. அந்த ஆறிலிருந்து 63 வடிவங்கள் பிறக்கின்றன. எழுதுவதற்கு ஒரு சட்டமும், கூர்முனை கொண்ட சிறு கருவியும் போதும். அதைக் கண்டதும் என் தமக்கை, "இது எழுத்தாணி அல்லவா!" என்றாள். நம் முன்னோர் ஓலையில் கீறியதுபோல் இவர்கள் தடித்த காகிதத்தில் குத்துகிறார்கள். காகிதத்தின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் முன்புறத்தில் புள்ளிகள் மேடாக எழுந்து, இடமிருந்து வலமாகப் படிக்க வருகின்றன.

இந்திய மொழிகளுக்கு முற்காலத்தில் பலர் பலவாறான பிரெய்ல் முறைகளை வகுத்திருந்தார்கள். ஒரு முறையைப் படித்தவர் மற்றொன்றைப் படிக்க இயலாத நிலை. 1951-இல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெய்ல் ஏற்பட்டது. இந்தியில் 'க' என்பதற்கு எந்தப் புள்ளிகளோ, தமிழிலும் 'க' என்பதற்கு அவையே. அச்செழுத்தில் நாம் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. பிரெய்லில் முதலில் 'க', பிறகு 'எ'. நாவில் ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்தும் நிற்கும். வகுப்பாசிரியை என் தமக்கைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் இடப்பக்க மேல்மூலையில் ஒரே ஒரு புள்ளியைக் குத்திக் கொடுத்தார். "இதுதான் 'அ'. எங்கள் மொழியிலும் உங்கள் மொழியிலும் இதுவே முதல்" என்றார். அவள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவளுடைய மனத்தை அசைத்தது பட்டறையும் அன்று; பிரெய்லும் அன்று. பெண்கள் பிரிவின் சமையலறைதான். அங்கே ஒரு பெண் அடுப்பின் முன் நின்று பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். என் தமக்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்; அடுத்து என்ன நேருமோ என்று நடுங்கினாள். அந்தப் பெண் எண்ணெயின் சூட்டைக் கையை உயரே பிடித்து அறிந்தாள். பக்கத்தில் இருந்த வட்டப் பெட்டியைத் திறந்து, கிண்ணங்களை விரலால் எண்ணிச் சீரகத்தை எடுத்துப் போட்டாள். அது பொரியும் ஓசையைக் கேட்டுத் தணலைக் குறைத்தாள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. எடுத்த பெட்டி எடுத்த இடத்துக்கே திரும்பிற்று.

வெளியே வந்ததும் என் தமக்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "தம்பி, நம் அம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் பார்த்தா கடுகை எடுப்பாள்? எத்தனை நாள் விளக்கில்லாத அடுக்களையில் சமைத்திருக்கிறாள்! கடுகு இருக்கிற இடத்தில் வெந்தயத்தைப் போட்டுவிட்டோம் என்று நம்மை எத்தனை முறை அடித்திருக்கிறாள்!"

நண்பகலில் உணவுக்கூடத்தில் அவள் எண்ணம் மேலும் தெளிந்தது. தட்டைக் கடிகார முகமாகப் பாவிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். "ஆறு மணிக்குச் சோறு, பன்னிரண்டு மணிக்குக் காய், மூன்று மணிக்குத் தயிர்" என்று ஒருமுறை சொன்னால் போதும். உண்பவர் தாமே உண்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் இலை நினைவுக்கு வந்தது. நுனி இடப்பக்கம், உப்பு மேலே இடமூலை, காய்கறிகள் மேல்பாதி, சோறு கீழ்ப்பாதி. பந்தியில் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் உப்பு எங்கே இருக்கும் என்று யாரும் தேடுவதில்லை. கண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை தானே போகும் ஓர் ஒழுங்கை நம்மவர் முன்பே வகுத்திருந்தார்கள். அதை மறந்துவிட்டு நாங்கள் ஓர் இளைஞனுக்குச் சோறு உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் மைதானத்தில் கிரிக்கெட் நடந்தது. பந்துக்குள் சிறு குண்டுகள் கிடந்து கலகலக்கும். பந்து வீசுபவர், "தயாரா?" என்று கேட்க வேண்டும், மட்டையாளர், "ஆம்" என்ற பின்பே வீச வேண்டும். பந்து தரையோடு உருண்டு வரும். அது வரும் ஓசையைக் கேட்டு அடிப்பார்கள். அதுவரை பார்வையாளர் மூச்சு விடுவதில்லை. அடி விழுந்த பிறகே ஆரவாரம். விளையாட்டில் தோற்றவர்கள் நடுவரோடு சண்டையிட்டதையும் கண்டேன். அந்த வகையில் நம் தில்லி மைதானங்களுக்கும் அதற்கும் வேற்றுமையே இல்லை.

இவ்வளவும் கண்ட பின்பும் என் தமக்கையின் மனம் முழுவதும் இசையவில்லை. மறுநாள் காலை பையனுக்கு முதல் முறையாகக் கோல் கொடுத்தார்கள். நெஞ்சளவு உயரமுள்ள மெல்லிய வெள்ளைக் கோல். அமெரிக்காவில் 1940-களில் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்த முறையில் அதைப் பிடிக்கிறார்கள். இடக்கால் முன்னே செல்லும்போது கோல் வலப்பக்கம் தட்டும். வலக்கால் செல்லும்போது இடப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்பே தொட்டுப் பார்த்துவிடுகிறது.

அவன் பத்தடி நடந்தான். எதிரே ஒரு படி. கோல் அதைத் தட்டியது; ஆனால் அவனுக்கு அதன் பொருள் இன்னும் தெரியாது. முழந்தாள் மோத, முன்னே சாய்ந்து கைகளை ஊன்றிக்கொண்டான். "ஐயோ!" என்று என் தமக்கை எழுந்து ஓடினாள்.

ஆசிரியர் குரல் உயர்த்தாமல், "மாதாஜி, நில்லுங்கள்" என்றார். அவள் நின்றாள். "இப்போது நீங்கள் தூக்கிவிட்டால், அங்கே ஒரு படி இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அவனே எழுந்தால் அது அவனுக்குத் தெரியும்."

என் தமக்கைக்கு அரைகுறை இந்திதான். ஆனால் இது விளங்கிற்று. அவளுக்கும் மகனுக்கும் நடுவே ஆறடிகூட இராது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். பையன் எழுந்தான். கோலால் படியின் அகலத்தையும் உயரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தான். ஏறினான். மேலே இன்னொரு படி இருந்தது, அதில் இடறவில்லை.

அன்று பிற்பகல் அவள் என்னிடம், "இங்கே இருக்கட்டும் தம்பி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

விடைபெறும்போது ஆசிரியர் எனக்கு ஒரு வார்த்தை சொன்னார். "நாங்கள் பல மாதம் கற்பிப்பதைச் சில வீடுகள் ஒரே வாரத்தில் மறக்கச் செய்துவிடுகின்றன. இங்கே கோலோடு ஊர் சுற்றியவன் வீட்டுக்குப் போனதும் மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்று கேள்விப்படுகிறோம். நாங்கள் இவனுக்குக் கற்பிக்கிறோம். நீங்கள் உங்கள் வீட்டுக்குக் கற்பியுங்கள்."

தில்லி திரும்பியதும் அந்தப் பாடம் தொடங்கிற்று. அது எளிதன்று. பாதி திறந்த கதவு எத்தனை, வழியில் கிடக்கும் செருப்பு எத்தனை, விருந்தினர் வந்தால் இடம் மாறும் நாற்காலி எத்தனை என்று அப்போதுதான் கண்டோம். என் மனைவி அடுக்களையை ஒழுங்கு செய்தாள். என் குழந்தைகள் உள்ளே வரும்போது பெயர் சொல்லப் பழகினார்கள். முதலில் வேடிக்கையாகவும் பிறகு வழக்கமாகவும்.

மூன்று மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. தபால் தலை இல்லை. பிரெய்லில் எழுதியவற்றை நம் நாட்டுத் தபால் துறை கட்டணமின்றிச் சேர்ப்பிக்கிறது. ஒட்டாத உறைக்குள் ஒரு தடித்த காகிதம், அதில் மையே இல்லை, வரிவரியாகப் புள்ளிகள். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. என் தமக்கை அதை ஜன்னல் ஓரம் எடுத்துப் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முதல் எழுத்து, இடப்பக்க மேல்மூலையில் ஒரே ஒரு புள்ளி.

"அ" என்றாள். சற்றுப் பொறுத்து, "அம்மா என்று தொடங்கியிருக்கிறான்" என்றாள்.

மற்ற எழுத்துக்களை அறிய அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. டேராடூனிலிருந்து பிரெய்ல் எழுத்து அட்டை ஒன்றை வரவழைத்தேன். ழகரம், றகரம், னகரம் ஆகிய தமிழின் தனி எழுத்துக்களை விடுதியில் உடனிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் மகனுக்குக் கற்பித்தாராம். அவள் விரலுக்கு அவை வசப்படவில்லை, கண்ணால்தான் படித்தாள். ஒரு மாதம் முயன்று படித்த அக்கடிதத்தில் இருந்த செய்தி இதுதான்: ரொட்டி அலுத்துவிட்டது, இட்லி இல்லாவிட்டாலும் மிளகாய்ப் பொடியாவது அனுப்பு, வாளியை வழியில் வைத்துவிட்டு நேற்று நானே திட்டு வாங்கினேன். அவள் சிரித்தாள், பிறகு மிளகாய் வறுக்க எழுந்தாள்.

ஏறத்தாழ ஓராண்டு அங்கே இருந்து, சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று அவன் திரும்பினான். நாங்கள் டேராடூன் சென்ற அதே ஆண்டு பிப்ரவரியில்தான், அரசாங்க வேலைகளில் ஊனமுற்றோர்க்கு நூற்றுக்கு மூன்று இடங்களை ஒதுக்கும் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அவற்றில் ஒன்று பார்வைக் குறையுடையோர்க்கு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மூன்றை நான்காக்கிற்று. சில ஆண்டு அலைச்சலுக்குப் பின் அவனுக்கு ஓர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளர் பணி கிடைத்தது. இன்று கணினியே அவனுக்குப் படித்துச் சொல்கிறது; கைப்பேசி வழி சொல்கிறது. ஆயினும் வீட்டுக் கணக்கை அவன் இன்னும் எழுத்தாணி கொண்டு குத்தித்தான் வைக்கிறான். காதால் கேட்டது மறந்துபோகும், விரலால் தொட்டது மறக்காது என்பது அவன் கட்சி.

ராஜ்பூர் சாலையில் அந்த வாயில் இன்றும் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கிறது. பாடங்களும் காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கின்றன. அடுத்த முறை மசூரிக்குப் போகும் அன்பர்கள் வண்டியின் ஜன்னல் வழியே அதைப் பார்த்தால், உள்ளே இருப்பது இரங்கத்தக்க இடமென்று எண்ண வேண்டாம். அங்கே மனிதர்கள் சண்டையிடுகிறார்கள், தாளிக்கிறார்கள், பந்தடிக்கிறார்கள், இடறுகிறார்கள், எழுகிறார்கள்.

நம் வீடுகளிலும் கண்ணொளி மங்கியவர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே அற்றவர் சிலர். சர்க்கரை நோயாலும் கண்ணழுத்த நோயாலும் முதுமையில் இழந்தவர் பலர். ஊரை விட்டு வந்த நமக்கு அண்டை அயல் குறைவு. பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். அவர்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் டேராடூன் போக முடியாது. ஆனால் கதவை முழுவதும் திறந்து வைக்கலாம். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கலாம். அவர்களைப் பற்றி மற்றவரிடம் கேட்காமல் அவர்களிடமே கேட்கலாம். தேர்வெழுதும் பார்வையற்ற மாணவர்க்கு எழுதுபவராகவும், தமிழ்ப் புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தருபவராகவும் நம் சங்கத்து இளைஞர்கள் உதவலாம்.

என் தமக்கைக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவளுடைய கண்ணும் மங்கிவருகிறது. ஆனால் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது அவள் கைக்குத் தெரியும். ஏனெனில் பல ஆண்டுகளாக எதுவும் இடம் மாறவில்லை. கூடத்து நாற்காலியில் இப்போது யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். நான் வெளியே போய்த் திரும்பினால், வாசற்படியிலேயே என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன். உள்ளிருந்து இரண்டு குரல்கள், "வாருங்கள் மாமா" என்றும் "வா தம்பி" என்றும் ஒருங்கே எழும்.